கைப்பிடியில் இருந்த ஊர்

1

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் தன் வம்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்புகிறான். சில வாரம் கழித்துப் பதில் வருகிறது. உடனே மதுக்கடைக்கு வந்து உட்கார்ந்து, தன் பாட்டனுக்குப் பாட்டன் ஒரு கடற்கொள்ளைத் தலைவன், அவனுக்கும் மேலே ஒரு பிரபு என்கிறான். நேற்றுவரை என் காசில் பீர் குடித்தவன். ஒருத்தனாவது, என் மூதாதை கோழி திருடி மாட்டிக்கொண்டான் என்று சொல்லிக் கேட்டதில்லை. கோழி திருடியவர்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை போலிருக்கிறது.

என் தங்கை ஐவியும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அவளுக்குப் பிரபு கிடைக்கவில்லை. கிடைத்தவன் எலியாஸ் ஃபெர்பி. கம்பளி சீவுகிறவன். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், எங்கிருந்தோ இங்கிலாந்தின் இந்த டெவன் பக்கம் வந்து, எங்கள் ஊர்ப் பெண் ப்ரூடென்ஸைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, ஓர் இலையுதிர் காலத்தில் வேலை தேடி வெளியூர் போனான். திரும்பவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தான் என்பது எங்கேயும் இல்லை. ஐவி வருஷக்கணக்காகத் தேடிவிட்டாள். அவனுக்கு முன்னால் ஒரு சுவர், அவ்வளவுதான்.

"அண்ணே, எலியாஸ் கதைய நீ எழுது" என்றாள்.

"ஏன், உனக்குக் கை சுளுக்கிக்கிச்சா?"

"நான் எழுதினா அழுதுருவேன். நீ கல்லு மாதிரி ஆளு."

"கல்லு எழுதாது."

"பால் டிப்போவுக்கு எத்தனை புகார் எழுதினே? அதே மாதிரி எழுது, போதும்."

நான் பால் லாரி ஓட்டியவன். பதினைந்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கதை எழுதுகிறவர்களை நம்பியதில்லை, நடக்காததை நடந்ததாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள். இப்போது காசுகூட வாங்காமல் அதையே செய்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மெல்லிய பனி பொழியும் விடியலில், எலியாஸ் தன் அன்பு மனைவியின் நெற்றியில்'

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கம் பனி எங்கே பொழிகிறது? மழைதான். நெற்றியில் என்ன செய்தான் என்பதும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: 'நான் ஒரு சீப்பு. என் கதையைக் கேளுங்கள்.' சீப்பு பேசாது.

சீப்பு என்றதும் தலை வாருகிற சீப்பை நினைக்காதீர்கள். கம்பளி சீவுகிற சீப்பு வேறு. விரல் நீளத்துக்கும் மேலான எஃகு முட்கள், மூன்று வரிசை, கனமான மரக் கைப்பிடி. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. என் அப்பா அதைக் கதவு அடைபடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். இரண்டு முறை என் காலில் ஏறியிருக்கிறது. குடும்பப் பொக்கிஷம் என்று ஐவிதான் சொல்கிறாள்.

(இது தனியாக எதற்கும் உதவாது. ஒரு சீப்பைத் தூணில் மாட்டி அதில் ரோமத்தை ஏற்றி, இன்னொன்றைக் கையில் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு இருந்தால்தான் தொழில். எங்களிடம் இருப்பது ஒன்று. மற்றது எலியாஸோடு போய்விட்டது.)

மூன்றாவது தொடக்கம் இது. இதை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கரி அடுப்பு, சுற்றி நாலு பேர். சீப்பு சூடாக இருந்தால்தான் எண்ணெய் பூசிய ரோமம் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் சன்னலைத் திறக்கமாட்டார்கள். கரிப்புகையில் நாலு பேரும் இருமுவார்கள், இருமியதற்குப் பீர் குடிப்பார்கள், பீருக்காக மறுபடி சீவுவார்கள். அடுப்பைச் சுற்றி நாலு இடம்தான். இடம் போனால் பிழைப்பு போச்சு. வேலை குறைந்து ஒருத்தன் வெளியூர் போனால், ஜோடியில் ஒரு சீப்பைத் தூணில் மாட்டிவிட்டுப் போவான். கைப்பிடியில் அவன் பேரும் பிறந்த ஊரும் பழுக்கக் காய்ந்த ஆணியால் சுட்டிருக்கும். அந்தப் பேர் தூணில் தொங்குகிறவரை அவன் இடத்தில் வேறொருத்தன் உட்காரக் கூடாது. போன இடத்தில் தொழில்காரர்கள் சங்கம் ஒரு சீப்பு இரவல் கொடுக்கும்.

(தூணில் மாட்டும் இந்த வழக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. அப்பா சொன்னது. அப்பா சொன்னதில் பாதி பொய், எந்தப் பாதி என்றுதான் தெரியாது.)

எங்கள் சீப்பின் கைப்பிடியில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. அந்த இடம் சுரண்டிக் குழிந்திருக்கிறது. கட்டைவிரல் அதில் போய் உட்காரும்.

இந்தக் குழியிலிருந்துதான் கதை வருகிறது. வேறு ஆதாரம் கிடையாது.

3

ஜேபஸ் என்று ஒருவனை உண்டாக்கியிருக்கிறேன். அடுப்பின் சொந்தக்காரன். அவன் வீட்டு முன்னறையில்தான் வேலை. ப்ரூடென்ஸோடு பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு இவன்மேல் நம்பிக்கை இல்லை. நான் எழுதாத நேரத்தில் இவன் ப்ரூடென்ஸைக் காதலிக்கப் பார்க்கிறான். ஒரு பக்கத்தில் அவள் பிள்ளைக்கு ஆப்பிள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். கிழித்துப் போட்டேன். ஐவி அந்தக் கிழிசலைப் பொறுக்கி எடுத்துப் படித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, விடேன்" என்றாள். விடமாட்டேன். இருமுகிற மனிதன், வயது ஐம்பது, பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள். ஆப்பிள் கிடையாது.

ப்ரூடென்ஸுக்கு என்ன சிக்கல் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கதியற்றவர்களுக்குச் சோறு போட வேண்டியது அவரவர் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்வட்டம். கல்யாணமானவள் புருஷனின் பங்கைச் சேர்ந்தவள். புருஷன் ஓடிப்போய், அவள் கையேந்தினால், வண்டியில் ஏற்றி அவன் பிறந்த பங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அந்த ஊரைப் பார்த்தே இருக்கமாட்டாள். அங்கே அவளையும் பிள்ளைகளையும் ஏழைகள் விடுதியில் ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போடுவார்கள். ஆனால் புருஷனின் ஊர் எதுவென்று யாருக்குமே தெரியாவிட்டால், அவள் பிறந்த பங்கே அவளைத் தாங்க வேண்டும்.

யாருக்குமே தெரியக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

4

பிப்ரவரியில் புனித பிளேஸ் திருநாள். இரும்புச் சீப்பால் சதை கிழிபட்டு உயிர்விட்ட அந்தப் புனிதர்தான் இந்தத் தொழில்காரர்களுக்குக் காவல். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு எல்லாரும் ஊர்வலம் போவார்கள். ஜேபஸ் வீட்டு முன்னறை காலி. அடுப்பு அணைந்திருந்தது.

ப்ரூடென்ஸ் உள்ளே வந்து தூணிலிருந்த சீப்பைக் கழற்றினாள். கையில் உடைந்த கண்ணாடித் துண்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. 'இது என் பேரு, இது என் ஊரு' என்று எலியாஸ் ஒருமுறை காட்டியிருந்தான். எது மேலே, எது கீழே என்பது இப்போது நினைவில்லை. அவள் கண்ணீர்

இல்லை. அவள் அழவில்லை. நேரமில்லை. இரண்டையும் சுரண்டினாள். புது மரம் வெளுத்துத் தெரிந்தது. எண்ணெயையும் கரியையும் குழைத்துத் தேய்த்துத் தூணில் மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஹாலட் வந்தார். மாவு வியாபாரி. அந்த வருஷம் ஏழைகள் நிதியைப் பார்க்கிற முறை அவருடையது. உதவி கேட்டுப் போன ப்ரூடென்ஸைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அடுப்பைச் சுற்றி ஜேபஸோடு சேர்த்து மூன்று பேர் சீவிக்கொண்டிருந்தார்கள், நாலாவது இடம் காலி.

"ஏம்மா, உன் புருஷன் எந்த ஊரு?"

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாதா? ரெண்டு புள்ள பெத்திருக்கே. நடுவுல ஒரு தடவகூடக் கேக்கத் தோணலையா?"

மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அவரு வாயத் தொறந்தா ஆட்டு மயிரப் பத்தித்தாங்க பேசுவாரு."

"சனிக்கிழமை நீதிபதி முன்னாடி பைபிள்ல கை வச்சு இதையே சொல்லுவியா?"

"சொல்லுவேங்க."

ஹாலட் ஜேபஸ் பக்கம் திரும்பினார். "உன் அடுப்புல உக்காந்தவன்தானே. நீ சொல்லு."

"வடக்க எங்கயோங்க."

"வடக்குன்னா?"

"நமக்குத் தெக்க கடல்தானே ஐயா இருக்கு. மீனத் தவிர எல்லாரும் வடக்கேருந்துதான் வரணும்."

மறுபடி சிரிப்பு. ஹாலட் சிரிக்கவில்லை. தூணிலிருந்து சீப்பை எடுத்தார். "ஊரத்தான் இதுல சுட்டு வைப்பீங்களே" என்று கைப்பிடியைத் திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். விரலில் கரி ஒட்டியது.

ஜேபஸ் அந்தக் கரியைப் பார்த்தான். பிறகு ப்ரூடென்ஸைப் பார்த்தான்.

"இது யாரு சீப்பு?"

எலியாஸுடையது என்றால், ஏன் சுரண்டியிருக்கிறது, யார் சுரண்டியது என்று அடுத்த கேள்வி வரும். வண்டி வாசலுக்கு வரும்.

"யாரோடதும் இல்லைங்க" என்றான் ஜேபஸ். "பேரில்லாத சீப்பு. சும்மா தொங்குது."

மற்ற இரண்டு பேரும் சீவுவதை நிறுத்தினார்கள். ஒருத்தன் காலி இடத்தைப் பார்த்தான்.

"எலியாஸ் சீப்பு எங்க அப்போ?" என்றார் ஹாலட்.

"எடுத்துட்டுப் போயிருப்பான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

ஹாலட் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். அவர் போனதும் அந்த ஒருத்தன், "அப்போ என் மச்சான வரச் சொல்றேன். திங்கக்கிழமையிலேருந்து உக்காரட்டும்" என்றான். ஜேபஸ் தலையாட்டினான். வேறென்ன செய்ய? மூன்று பேர் காதில் விழச் சொல்லியாகிவிட்டது.

ப்ரூடென்ஸ் வாசலிலேயே நின்றாள். ஊரைச் சுரண்டத்தான் வந்தாள், அதோடு அவன் இடத்தையும் சுரண்டிவிட்டாள்.

"அவரு வந்தா?" என்றாள்.

"வந்தா அடுப்பு காட்டுறேன். இடம் காட்ட முடியாதும்மா." ஜேபஸ் சீப்பை அவள் கையில் கொடுத்தான். "இத இங்க வைக்காத. எடுத்துட்டுப் போ."

(இங்கே அவன் ஏதோ அன்பாகச் சொல்ல வாயெடுத்தான். நான் எழுதவில்லை. இருமினான், அவ்வளவுதான்.)

5

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன், மூன்றும் பிடிக்கவில்லை.

ஐவியின் முடிவு: எலியாஸ் வழியிலேயே காய்ச்சலில் செத்தான், கடைசி மூச்சில் அவள் பேரைச் சொன்னான். கூட இருந்து கேட்டது யார்?

இரண்டாவது: அவன் திரும்பி வருகிறான். தோளில் மூட்டை, மூட்டையில் மற்ற சீப்பு. அதில் பேரும் ஊரும் அப்படியே இருக்கின்றன. தெருமுனையில் ப்ரூடென்ஸ் அவனைப் பார்க்கிறாள். பைபிளில் கை வைத்துச் சொன்ன பொய் மூட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. அவன் வாய் திறப்பதற்குள் மூட்டையைப் பிடுங்கி, சீப்பை எடுத்து, வீட்டு நெருப்பில் போடுகிறாள். மரம் பிடித்துக்கொள்கிறது. அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு, "என் இடத்துல யாரு உக்காந்திருக்கான்?" என்று கேட்கிறான். அதற்கு அவள்

இதற்குமேல் எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அவள் என்ன சொன்னாலும் நான் சொல்வது போலவே இருக்கிறது.

மூன்றாவது: அவன் வரவேயில்லை. சுரண்டிய ஊரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள், அங்கேதான் போனான். நான் ஆட்களை அறிந்தவரை இதுதான் நடந்திருக்கும். இதைச் சொன்னதற்கு ஐவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எதுவானாலும் ஒன்று மிச்சம். அவனைத் தேடி ஓர் ஆள் அனுப்ப அவளால் முடியாது. எந்த ஊருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி. சாகிறவரை இந்தத் தெருவிலேயே நூல் நூற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்த ஊர்ப் பேரைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. ஐவி முட்டிக்கொண்டு நிற்கிற சுவர் இவள் கட்டியது. அப்படித்தான் என் கதை சொல்கிறது.

6

நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு விளக்கு இருக்கிறதாம். மரத்தை மேலே சுரண்டினாலும், சூடு இறங்கிய இடம் உள்ளே கருகித்தான் இருக்கும், அந்த வெளிச்சத்தில் எழுத்து தெரியும் என்றாள் அங்கே வேலை செய்கிற பெண். வியாழக்கிழமை வரச் சொன்னாள். பையில் சீப்பைப் போட்டுக்கொண்டு நானும் ஐவியும் பஸ்ஸில் போனோம். ஒரு முள் பையைக் கிழித்துவிட்டது.

வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, பச்சைக் குழந்தையைப் போல எடுத்து வைத்தாள் அந்தப் பெண். கதவுக்கு முட்டுக் கொடுத்த சாமான் என்று நான் சொல்லவில்லை.

"மூத்தவர் நீங்கதானே. நீங்க சரின்னாதான் விளக்கப் போடுவேன்" என்றாள்.

நான் ஐவியைத் தனியே இழுத்தேன். "யாரும் படிக்கக் கூடாதுன்னுதானே அவ சுரண்டினா?"

"அது நீ எழுதின கதை அண்ணே."

"சரி, என் கதைன்னே வச்சுக்க."

"அப்படியே இருந்தாலும் அவ செத்து எத்தனை காலமாச்சு? இனிமே யாரு வந்து அவள வண்டியில ஏத்தப் போறாங்க?" "எனக்கு ஒரு ஊரு வேணும். போயி, இங்கேருந்துதான் வந்தோம்னு நிக்க ஒரு இடம். அது தப்பா?"

தப்பில்லை. அதே நேரம் எனக்கு வேறு சந்தேகமும் வந்தது. கையில் சிலாம்பு ஏறுகிறதென்று எவனாவது இழைத்துவிட்டிருக்கலாம். எங்கள் தாத்தா பழைய இரும்புக் கடையில் யாருடைய சீப்பையோ மலிவாக வாங்கியிருக்கலாம். ப்ரூடென்ஸ் அதைத் தொட்டதே இல்லாமலும் இருக்கலாம். இருந்தும், அந்தக் குழியில் என் கட்டைவிரல் உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

விரலை எடுத்தேன். "உங்க இஷ்டம். போடுறதுன்னா நான் போனப்புறம் போடுங்க" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம்தானே?" என்று ஐவி கூப்பிட்டாள். பின்னால் சன்னல் திரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

நீங்கள் வேண்டுமானால் அவளோடு இருந்து பாருங்கள். அவள் தனியாக நிற்கிறாள், துணைக்கு ஆள் நல்லதுதான். எந்த ஊர் தெரிந்தாலும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. மழை வருகிறது, என் பஸ் போய்விடும்.