நூற்று நாற்பத்தேழாம் துணுக்கு

மடித்து மடித்து நைந்துபோன தாளை ரேகா மேசைமேல் பிரித்து வைத்தாள். அடியிலிருந்த கையெழுத்து தன்னுடையதுதான் என்று தாட்சாயணிக்குத் தெரிந்தது. இரண்டு வருஷங்களுக்கு முந்தைய சம்மதப் படிவத்தின் நகல். எண் 147. நகரியில் பஸ் ஏறி, திருப்பதியில் இந்த ஆய்வுக்கூடம் எங்கே என்று நாலு பேரிடம் தெலுங்கில் விசாரித்து வந்திருந்தாள் ரேகா. கூடவே மாமியார் கமலம்மா, தறியை நிறுத்திவிட்டு அப்படியே கிளம்பிய கோலத்தில், புடவையெல்லாம் நூல் பிசிறாக.

பத்தொன்பது வருஷமாகத் தாட்சாயணி ஒரே கேள்வியைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள். நல்ல கரு கர்ப்பப்பைக்குள் போன பிறகும் ஏன் ஒட்டாமல் போகிறது? குடிபாலாவில் கூலிக்குப் போனவரின் மகள். சித்தூர்க் கல்லூரி, திருப்பதி, வெளிநாடு என்று சுற்றித் திரும்பியும் அதை விடவில்லை. பெண்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்த கர்ப்பப்பை உள்சவ்வுத் துணுக்குகளுக்கு எண் போட்டாள், கட்டுரை எழுதினாள், மாநாடுகளில் கைதட்டு வாங்கினாள். எண்ணுக்குரிய ஒருத்திகூட இதுவரை திரும்பி வந்து கேட்டதில்லை.

"மூணு வாட்டி கரு வெச்சாங்க மேடம். மூணும் நிக்கல. என் வயித்துலதான் கோளாறுன்னு வூட்லயும் எதிர்வூட்லயும் சொல்லிக்கினே கீறாங்க. நீங்க பாத்தீங்களே, கோளாறு கீதா?"

தாட்சாயணி கணினியில் எண்ணைத் தேடினாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் இன்றைக்கே நிமிர்ந்து நடப்பாள். ஆனால் அது முழு உண்மை இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"நாங்க தேடின கோளாறு ஒண்ணும் உன்னுதுல இல்லம்மா. ஆனா ஏன் நிக்கலன்னு எனக்குத் தெரியல."

ரேகாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கமலம்மாதான் வாய் திறந்தாள்.

"எத்தினி வருசமா இதப் பாத்துக்கினு கீறேம்மா?"

"பத்தொம்பது."

"அம்மாடி. பத்தொம்பது வருசமா பாக்குற உனுக்கே தெரியல. எதிர்வூட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்சிச்சாமா?"

ரேகா மெதுவாகத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை. கமலம்மா புடவையிலிருந்த பிசிறுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினாள்.

"மேடம், அத நான் பாக்கலாமா?"

தாட்சாயணி எழுந்து போய், பெட்டியிலிருந்து 147ஆம் துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகட்டை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ரேகா குனிந்தாள். ரோஸும் ஊதாவுமாக வளையம் வளையமாக என்னவோ தெரிந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான் கீது," என்றாள்.

கமலம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்தாள். குனிந்தவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலை அங்குமிங்கும் ஆடியது.

"இன்னும் கொஞ்சம் கீழ, அத்தே," என்று ரேகா அவள் பின்கழுத்தில் கைவைத்து அழுத்தினாள். "கண்ண மூடாத. தொறந்து பாரு."