மக்காச்சோளம் தின்ற கிடா

வால்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "யம்மா, கிடாவுக்கு மட்டும் தீனிய கொறைக்காத. காயடிச்சாச்சு, இனிமே கறியில வாடை அடிக்காது. கிறிஸ்மஸுக்கு நம்ம லைன் முழுக்க பிரியாணி."

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு செம்மறிக் குட்டிகள், ஒரு கிடா, ஒரு பெட்டை. சந்தையில் வாங்கி வந்து ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் கட்டியவன், அடுத்த மாதமே பங்காரப்பேட்டையில் ஓடும் ரயிலில் ஏறப்போய்ச் செத்துப்போனான். அம்மா ஐடாவுக்கு வேறு பிள்ளை இல்லை. அவன் சொன்ன பிரியாணியைப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பும் இல்லை.

பெட்டையை மந்தையோடு மேய அனுப்பினாள். கிடாவை அனுப்பவில்லை. சுரங்கத்தின் விஷக் கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டோரம் தேங்கிய தண்ணீரைக் குடித்துச் செத்த ஆடுகளை லைனில் பார்க்காதவர்கள் கிடையாது. கட்டிப்போட்டு மக்காச்சோளமும் தவிடும் வைத்தாள். புல்லைத் தின்றால் சோளத்தை விட்டுவிடுமோ என்று புல்லையும் நிறுத்தினாள். கிடா மளமளவென்று வளர்ந்தது. பெட்டை அதில் பாதிகூட இல்லை.

"இன்னா ஐடாக்கா, கன்னுக்குட்டிய கட்டி வச்சிருக்க?" என்று போகிறவர்கள் கேட்கும்போது மகனையே புகழ்வதுபோல் இருக்கும் அவளுக்கு.

டிசம்பர் பிறந்ததும் ஒருநாள் கிடா முதுகை வளைத்துக்கொண்டு நின்று முக்கியது. வயிற்று உப்புசம் என்று ஓமத்தண்ணீர் புகட்டினாள். மறுநாளும் அதையே புகட்டினாள். அதற்கப்புறம்தான் கறிக்கடை முனுசாமியைக் கூப்பிட்டாள்.

அவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போச்சாம்மா?"

"பாக்கலியேண்ணா."

"மூத்திர வழியில கல்லு அடைச்சிருக்கு. வெறும் சோளமா போட்ட? அதுலதான் கல்லு கட்டும்."

"பொட்டையும் சாயந்தரம் வந்து அதே சோளத்ததான தின்னுது?"

"மிச்சம் மீதி தின்னுது. அதுவுமில்லாம பொட்டைக்கு வழி அகலம், கல்லு இருந்தாலும் போயிடும். கிடாவுக்கு ஊசி ஓட்டை. சின்னதுலயே காயடிச்சிட்டா அதுவும் பெருசாவாது."

"அறுத்துடுங்கண்ணா. இப்பவே. கறிய எங்கனா ஐஸ்ல வச்சிக்கலாம்."

முனுசாமி லுங்கியில் கையைத் துடைத்தார். "உள்ள பை ஒடஞ்சிடுச்சும்மா. கறியெல்லாம் மூத்திரம் எறங்கியிருக்கும். நாய்கூட மோந்து பாக்காது. பொதைச்சிடு."

மத்தியானத்துக்குள் கிடா செத்தது. அவரே குழி தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயந்தரம் பெட்டை தானாக வீடு வந்து, கிடாவின் சட்டியில் மிஞ்சிக் கிடந்த சோளத்தில் வாய் வைத்தது. ஐடா அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. இதன் கறி நான்கு வீட்டுக்குக்கூடக் காணாது.

"கொறைக்கலடா," என்றாள், யாருமில்லாத வாசலைப் பார்த்து. "நீ சொன்ன மாதிரி நான் கொறைக்கவே இல்லடா."

பெட்டை சட்டியை நக்கிக்கொண்டிருந்தது.