கைராசி மெஷின்

றஜீனா நீட்டிய பச்சைக் கார்டை மெஷின் மறுபடியும் ஏற்க மறுத்தது. அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று சுவர்ணாவுக்குத் தெரியும்.

"பரவாயில்லை அக்கா. நான் துசியந்தியின்ரை கடையிலை எடுக்கிறன். அங்கை இது வேலை செய்யும்."

அந்தப் பச்சைக் கார்டை இப்போது கிங்ஸ்பரியில் பலர் வைத்திருந்தார்கள். வேலை செய்யும் கம்பனி உடம்புச் செலவுக்கென்று மாதாமாதம் அதில் காசு போட்டுவிடும். மருந்துக்கடையில் மட்டும் செலவழிக்கலாம். சுவர்ணாவின் கடையும் மருந்துக்கடைதான். ஆனாலும் அவளுடைய மெஷினுக்கு அந்தக் கார்டைக் கண்டால் ஆகாது.

றஜீனா தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைவதைச் சுவர்ணா கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் சனிக்கிழமைகளில் சுவர்ணாவிடம் வேலைக்கு வந்த பெண் துசியந்தி. இப்போது அவளுடைய கடையின் ஊதாநிறப் பைகள் எங்கும் தென்பட்டன. ஆர்ச்வே முருகன் கோவிலில் செருப்பு கழற்றும் இடத்தில்கூட யாரோ ஒன்றை விட்டிருந்தார்கள். அதைக் கண்ட அன்று சுவர்ணாவால் சாமியை மனம் வைத்துக் கும்பிட முடியவில்லை.

துசியந்தி ஏதோ கள்ளம் செய்கிறாள் என்ற எண்ணம் எப்போது வந்ததென்று தெரியாது. வந்ததும் அது இதமாக இருந்தது. துசியந்தியின் கடையில் பாதி அழகுச் சாமான். லிப்ஸ்டிக்கையும் மருந்தென்று அடித்து அந்தக் கார்டில் காசு எடுக்கிறாளாக்கும். வேறு எப்படி இவ்வளவு சனம் போகும்? ஒருநாள் பிடிபடுவாள். அதை நினைத்துக்கொண்டு படுத்தால் நல்ல நித்திரை வந்தது.

காத்திருக்கப் பொறுமையில்லை. பஸ் கம்பனியில் வேலை செய்யும் கணவன் குகநாதனுக்கும் அதே கார்ட் கொடுத்திருந்தார்கள். அவனுடைய காற்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, அவன் எப்போதும் பாவிக்கும் இரகசிய எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு, சுவர்ணா தெருவைக் கடந்தாள்.

"சுவர்ணாக்கா! வாங்கோ, வாங்கோ. என்ன புதினமாய் இந்தப் பக்கம்?"

துசியந்தியின் முகத்தில் உண்மையான சந்தோசம். அதுவே சுவர்ணாவுக்கு எரிச்சலாக இருந்தது. நோவுத் தைலம் ஒன்றையும் சிவப்பு லிப்ஸ்டிக் ஒன்றையும் எடுத்து முன்னால் வைத்தாள். கார்டைச் செருகினாள். இரகசிய எண்ணை அழுத்தினாள்.

"தைலத்துக்கு மட்டும் எடுத்திட்டுது அக்கா. லிப்ஸ்டிக் மருந்துப் பக்கம் இல்லை, அதுக்கு உங்கடை சொந்தக் கார்டைத் தாங்கோ." துசியந்தி சிரித்தாள். "சிலபேர் இதிலை சொக்கிலேற்றும் வாங்கப் பாக்கிறவை. நான் விட்டாலும் கம்ப்யூட்டர் விடாது."

பிறகு கார்டிலிருந்த பெயரைப் பார்த்தாள்.

"இது குகன் அண்ணையின்ரை எல்லோ? முழங்கால் பட்டி இப்ப சரியாய் இருக்குதாமே? முந்தினது இறுக்குது எண்டு வந்து மாத்தினவர், பாவம்."

அந்தப் பட்டி வேலையிடத்தில் கொடுத்தது என்றுதான் சுவர்ணா நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்கள் அவளின்ரை கடைக்கே போறனீங்கள்?"

"கார்ட் அங்கைதானே வேலை செய்யுது."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கேலாதோ?"

"சொன்னால் நீர் முதல் மெஷினைத் திட்டுவீர். பிறகு துசியந்தியை. கடைசியிலை என்னை. முழங்கால் நோவோடை அவ்வளவும் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாதப்பா."

வேறு விதமான சந்தேகம் எதுவும் அவளுக்கு இல்லை. குகநாதன் அப்படிப்பட்ட ஆளில்லை, துசியந்தியும் இல்லை. ஆனால் எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று அவன் முதலில் சொன்னது அந்தக் கடையில். அவன் காற்சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, துசியந்தி குனிந்து பட்டியை அளவு பார்த்திருப்பாள். பஸ்ஸைப் பற்றி அவன் ஏதாவது பகிடி விட்டிருப்பான். அவள் சிரித்திருப்பாள். தன் மருந்துக்கடைக்குத் தன் புருசனே வராதபோது, றஜீனாவை எந்த முகத்தோடு மறிப்பது?

இப்படியே விட்டால் மிச்சமிருக்கும் ஆட்களும் தெருவைக் கடந்துவிடுவார்கள். அடுத்தநாள் சுவர்ணா மறுபடி எதிர்க்கடைக்குப் போனாள். வழியில் பாடமாக்கி வந்த வசனம் வாசலில் மறந்துபோயிற்று.

"உன்ரை மெஷின் மட்டும் எப்பிடியடி எடுக்குது?"

துசியந்தி கையிலிருந்த வேலையை வைத்தாள். "உங்கடை மெஷினுக்குக் கணக்குத் திறந்தது ஆர் அக்கா?"

"மாமா இதே இடத்திலை பலசரக்குக் கடை நடத்தேக்கை திறந்தது. கைராசியான கணக்கு, மூடக் கூடாது எண்டு சொல்லிப்போட்டார். மருந்துக்கடை ஆக்கேக்கையும் அதையே வைச்சுக்கொண்டம்."

"அதுதான் விசயம். கார்ட் கம்பனிக்கு நீங்கள் இப்பவும் பலசரக்குக் கடை. மருந்துக்கடை எண்டு பதிஞ்ச மெஷினிலைதான் இந்தக் கார்ட் ஓடும். கடையின்ரை வகையை மாத்தச் சொல்லுங்கோ. அதோடை ஒவ்வொரு சாமானும் மருந்தோ இல்லையோ எண்டு கம்ப்யூட்டரிலை குறிக்கவும் வேணும். பொறுங்கோ, நானே கதைக்கிறன்."

இத்தனை வருடமும் சுவர்ணா நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள். மெஷின் அவளைப் பருப்பு விற்கிறவளாகவே எண்ணியிருந்தது. துசியந்தி ஒருதரம் ஏளனமாகச் சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. தன் சாப்பாட்டை ஆறவிட்டு, கார்ட் கம்பனியோடு போனில் பொறுமையாகக் கதைத்தாள். அந்தப் பொறுமையிலும் சுவர்ணாவுக்குப் பொறாமை வந்தது. இவள் கள்ளியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கத்தால் பொறாமை குறையவில்லை.

புது மெஷின் வந்து சேர்ந்த கிழமை றஜீனா வந்தாள்.

"துசியந்திதான் சொன்னவ. இனி இஞ்சையும் கார்ட் எடுக்குமாம், அக்காட்டைப் போங்கோ எண்டவ."

அப்படியென்றால் இந்த வாடிக்கையும் அவள் அனுப்பிவைத்ததுதான். சுவர்ணா சிரித்தபடி இருமல் மருந்தையும் நகப்பூச்சையும் பதிந்தாள். பச்சைக் கார்ட் உள்ளே போயிற்று. மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு மருந்துக்கு மட்டும் சம்மதித்தது.

"நகப்பூச்சு மருந்துப் பக்கம் இல்லை, றஜீனா. அதுக்கு உங்கடை சொந்தக் கார்டைத் தாங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. சொல் மட்டுமல்ல, கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பும் துசியந்தியுடையது. சுவர்ணா கண்ணாடிக்கூடாக எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கிருந்து துசியந்தி கை காட்டினாள். சுவர்ணாவும் கையை உயர்த்தினாள்.