மெத்தைக்கு இரண்டே பக்கம்

அந்த விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் வேலைக்குப் போகிறவள் இரவில் படுப்பாள், இரவு வேலைக்குப் போகிறவள் பகலில் படுப்பாள். விரிப்பும் தலையணையும் அவரவர் சொந்தம், மெத்தை மட்டும் பொது. ஆயத்த ஆடை ஆலையில் இஸ்திரி போடுகிற இவள் கிளம்பிப் போன பிறகுதான் மற்றவள் வருவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பகலில் படுக்கிறவள் என்பதால் அவளுக்கு இவள் பகல்காரி என்று பெயர் வைத்திருந்தாள்.

மெத்தையில் கறை பட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு நாள், இவர்கள் கிளம்பி அவர்கள் வருவதற்குள், வார்டனம்மா கட்டில் கட்டிலாக விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள். பெண்கள் விடுதி நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரிந்துதான் பார்க்கிறாள்.

இவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. புருஷன் விட்டுப் போனதும் அண்ணன் வீட்டு சோபாவில் படுத்தாள். ஒரு மாதம் விலக்கானபோது அதில் கறை பட்டது. அண்ணி சோபாவைத் தூக்கித் தெருவில் போட்டாள். அழுகை வரும் என்று இவளும் பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே வரவில்லை, மனசு மரத்துப்போய்விட்டது.

நாள் நெருங்கியதும் நாப்கின் வாங்க மருந்துக்கடைக்குப் போனாள்.

"மல்லாந்து படுப்பீங்களா, ஒருக்களிச்சா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"தெரியலை. படுத்தா பொணம்தான்."

"அப்ப இந்த பேண்ட் மாதிரி இருக்கறதை எடுத்துக்குங்க. எப்படிப் புரண்டாலும் அவ்வளவு சீக்கிரம் கசியாது. இந்த நீளமானதும் பின்பக்கம் அகலம்தான். ஆனா போக்கு அதிகம்னா நடுவுல எழுந்து மாத்தணும்."

பேண்ட் மாதிரி இருந்ததைப் பார்த்தால் கைக்குழந்தைக்குப் போடுவது போல இருந்தது. இந்த வயதில் இது வேறா என்று நீளமானதையே வாங்கினாள். மரத்துப்போன மனசிலும் வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இரண்டாம் நாள் இரவு கட்டை மாதிரி தூங்கினாள். விடிந்தபோது விரிப்பைத் தாண்டி மெத்தைக்கு இறங்கியிருந்தது. வார்டனம்மா பார்க்கிற நாளும் அதுதான். பயம்கூட வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் ஈரத்துணியால் ஒற்றியது. கறை வெளுத்தது, போகவில்லை. மெத்தையைத் திருப்பிப் போடலாம் என்று தூக்கினாள்.

கீழ்ப்பக்கத்திலும் ஒரு கறை. பழையது, சோப்புப் போட்டுத் தேய்த்த வட்டம்கூடத் தெரிந்தது. பகல்காரி முந்திக்கொண்டிருக்கிறாள்.

மெத்தையை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றபோது கதவு திறந்தது. நடுவயதுக்காரி ஒருத்தி, தோளில் பை, கண்ணெல்லாம் தூக்கம். மெத்தையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"காஞ்சது என்னோடது," என்றாள். "இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டாங்க."

"ராத்திரி கசிஞ்சிருச்சுக்கா. வார்டனம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நான் போயிட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது."

"நீ எங்கயும் போக வேணாம். உன்னோட பக்கத்தை மேல போடு, அதுதான் காயணும்."

"வந்து பாப்பாங்களே?"

"வரட்டும். தூங்கறவளை உருட்டிவிட்டா பாப்பாங்க? அடுத்த வாரத்துக்குள்ள ரெண்டையும் தேய்ச்சுப் போக்கிடலாம்."

பேசிக்கொண்டே தன் விரிப்பை உதறிப் போட்டு, சரியாக அந்த இடத்தின் மேலேயே படுத்தாள்.

"ஈரமா இருக்குமேக்கா."

"இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வருது, லைட்டை அணைச்சுட்டுப் போ."

இவள் விளக்கை அணைத்தாள். படியில் பாதி இறங்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடக்கவும் தெரியவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. எதிரே ஏறி வந்த வார்டனம்மா திகைத்து நின்றாள்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அக்கா தூங்கறாங்க. எழுப்பிடாதீங்க."