மூன்று கரா-சூ

பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு ஜூராவுக்கு வந்த அழைப்பு பத்தொன்பது நொடி நீடித்தது. காணாமல் போன குதிரைகளைத் தேடிக் கணவாயைத் தாண்டிப் போன சார்பெக் பேசினான். கால் முறிந்துவிட்டது என்றான். கரா-சூ ஓடைப் பக்கத்துப் பழைய ஆட்டுக்கொட்டகையில் கிடப்பதாகச் சொன்னான். பிறகு பேட்டரி தீர்ந்தது.

இரண்டரைக்கு அவன் மனைவி ஜூராவும் மீட்புப் படையின் ஒஸ்மோனாலியும் பல்கலைக்கழக நூலகத்தில், என் வரைபட அறையில் நின்றார்கள். ஃபோன் வரைபடங்கள் கொட்டகைகளைக் காட்டுவதில்லை. பழைய ராணுவத் தாள்கள் காட்டும்.

தகர இழுப்பறையைத் திறந்தேன். கணவாய்க்கு அப்பால் உள்ள பகுதிக்கு நான்கு தாள்கள். விளிம்போடு விளிம்பு சேர்த்து விரித்தோம்.

"இதோ கரா-சூ." ஒஸ்மோனாலி விரல் வைத்தான்.

"இங்கயும் இருக்கு தம்பி. இதோ இன்னொண்ணு."

"தண்ணி கருப்பாத் தெரிஞ்சா கரா-சூ. நம்ம முன்னோருக்கு வேற பேரே வாயில வரலியா?"

முதல் ஓடையருகே கொட்டகைக் குறி இல்லை. மற்ற இரண்டிலும் இருந்தது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவே பெரிய முகடு. இருட்டுவதற்குள் ஹெலிகாப்டர் ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் போய்வர முடியும். அங்கே உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி.

"கிழக்குதான். அதான் பக்கம். ஹெலிகாப்டர் தளத்துக்குச் சொல்லிடறேன்." ஒஸ்மோனாலி ஃபோனை எடுத்தான்.

"குதிரை பக்கமா தூரமான்னு பாத்துக்கிட்டா ஓடும்? பொறு." ஜூராவிடம் திரும்பினேன். "வேற என்னம்மா சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"வெயில் இப்பத்தான் மலைக்குப் பின்னால போச்சு, இனிமே குளிர் ஏறும்னார். அப்புறம் என்னைத் திட்டினார்."

"எதுக்கு?"

"ஃபோனுக்கு சார்ஜ் போட்டு அனுப்பலன்னு."

ஒன்று நாற்பதுக்கே வெயில் போயிருக்கிறது. டிசம்பர். சூரியன் தெற்கே, தாழ்வாக. அளவுகோலை எடுத்தேன். கிழக்குக் கொட்டகைக்குத் தெற்கே பள்ளத்தாக்கு திறந்து கிடந்தது. நாலு மணிவரை வெயில் விழும். மேற்குக் கொட்டகைக்குத் தெற்கே, தாளில் மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு முகடு இருந்தது. தரையில் ஒன்றரை கிலோமீட்டர். உயரக்கோடுகளை எண்ணினேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினேன். முகடு கொட்டகையைவிட எழுநூறு மீட்டர் உயரம். அதற்குப் பின்னால் டிசம்பர்ச் சூரியன் ஒன்றரை மணி வாக்கிலேயே மறைந்துவிடும்.

"மேற்கு," என்றேன்.

"அக்கா, இந்தத் தாளுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

"மலைக்கும்தான்."

அவன் தளத்தை அழைத்து மேற்குக் கொட்டகையின் இட எண்களை இரண்டு முறை படித்தான். தொடர்பைத் துண்டிக்காமல் ஃபோனை மேசைமேல் வைத்தான். யாரும் உட்காரவில்லை. ஜூரா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொடாதே என்று நான் சொல்லவில்லை.

மூன்றரைக்கு விமானியின் குரல் கரகரத்தது.

"மேற்குக் கரா-சூ மேல இருக்கோம். கொட்டகை தெரியுது, பாதிக் கூரை இல்ல. பனியில ஒரு காலடிகூட காணோம். இறங்கினா வேற எங்கயும் போக எரிபொருள் மிஞ்சாது. வரைபடம் பாத்தது யாரு? அவங்களே சொல்லட்டும். நிச்சயமா இங்கதானா?"