பவுனம்மாள் வீட்டுப் போத்தல்

யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும், நானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கிளாங்கிலிருந்து, டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸ்ஸர் கிரிகரி ஒரு பை நிறையக் காலிப் போத்தல்களோடு எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸுக்கு வந்து, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு எது என்று விசாரித்தபோது, வழியை மறித்து நின்றவளும் நான்தான்.

அவர் வந்தது எங்கள் அண்ணிக்காக. என் அண்ணன் மரியநாயகம் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர். அண்ணி சாந்தமேரிக்கு மாதவிலக்கு நின்ற வருடமே முகத்தில் சிரிப்பும் நின்றுபோனது. தலை வார மாட்டார், அடுப்பு மூட்ட மாட்டார், ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி இருப்பார். ஒருநாள் தண்டவாளத்தில் இறங்கி நடந்தவரை, ரயில்வே கேட்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார். அன்றிலிருந்து அண்ணன், வடக்கே இருக்கும் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்.

கிளாங்கில் சொந்தமாக டிஸ்பென்சரி நடத்திய டாக்டர் லியனார்ட் மட்டும் இது பைத்தியம் இல்லை என்றார். பெண் உடம்பில் ஹார்மோன் என்று ஒன்று சுரக்கிறதாம். அது வற்றும்போது சிலருக்கு மனசு இருண்டு போகலாமாம். ஊசி வழியாக அதைத் திருப்பிக் கொடுத்தால் தேறுவார்களா என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சீமையிலிருந்து வந்த மருந்தை அண்ணிக்குப் போட்டார். நான் நம்பவில்லை. ஆனால் ஒரு காலையில் அண்ணி மீன் குழம்பு வைத்து, உப்பு போதுமா என்று என்னைக் கேட்டார். கையில் கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சீமை மருந்து தீர்ந்தது. அடுத்த கப்பலிலும் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளின் மூத்திரத்தில் அதே சுரப்பு ஏராளமாக இருப்பதால், டாக்டர் தானே வடித்தெடுக்க முனைந்தார். கிரிகரியின் போத்தல்கள் அதற்குத்தான்.

புது மருந்து ஏறியதும் அண்ணி பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வெறும் தண்ணீரைப் போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கிரிகரி நல்ல மருந்தை வேறு யாருக்கோ விற்கிறார் என்றும் சந்தேகம். அண்ணனுக்கோ, அண்ணியே நடிக்கிறார் என்று சந்தேகம். திங்கட்கிழமை ரயிலேற்றப் போவதாகச் சொல்லிவிட்டார்.

கிரிகரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலை போத்தல்களை வாங்கிக்கொண்டு திரும்பியவரை நிறுத்தி, பையைப் பிடுங்கி, ஒவ்வொரு தக்கையாகத் திறந்து மோந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் கொடுத்த போத்தலைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கா அந்த வாசம் தெரியாது?

"தம்பி, இது மாட்டோடதுலா," என்றேன். கிரிகரியின் முகம் வெளுத்துப்போனது. மற்ற போத்தல்களிலும் பாதி அதே வாசம். மாட்டு மூத்திரம் கேட்டு வந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் பவுனம்மாள் தாராளமாக ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

நேரே போய்ச் சண்டை பிடித்தேன். பவுனம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. மருமகள் தங்கமணிக்கு வளைகாப்புகூட ஆகவில்லை. அவள் தலைமுடி ஒன்று சீப்பில் வந்தாலும் சுருட்டி அடுப்பில் போடுகிறவர் அவர். செய்வினைக்காரன் கையில் கிடைத்தால் என்ன ஆவது என்ற பயம். டாக்டரிடம் இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. கோமியம் சுத்தமானது, யாருக்கும் கெடுதல் வராது என்று அதைக் கொடுத்தாராம்.

"ஒங்க அண்ணி பைத்தியம் எங்க புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா நீ வந்து தூக்குவியா, ரோசலின்?" என்று கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் பயந்திருப்பேன்.

மறுநாள் அண்ணன் அண்ணியின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கமணி நின்றாள். முந்தானைக்குள் ஒரு போத்தல்.

"அத்தை மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. சீக்கிரம் புடிங்க அக்கா. இனிமே தெனமும் இந்த நேரத்துக்குத் தரேன்."

ஏன் தருகிறாய், உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். எனக்கு அப்போதும் சந்தேகம்தான்.

"டெங்கில் ரப்பர் தோட்டத்துல எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தாங்க. பேயின்னு சொல்லி மரத்துல கட்டிப் போட்டாங்க," என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் இப்பல்லாம் சும்மா சும்மா அழுகை வருதுக்கா. யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு நானும் அப்படி ஆயிட்டா, யாராச்சும் எனக்கு நெசமானத குடுக்கணும்ல?"

போத்தல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வேலிக்கு மேலாக அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கிளாங் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓடினேன். தக்கையைத் திறந்து மோந்து பார்க்கவில்லை.