அபிஷேகக் கை

சட்டையின் கழுத்துப் பொத்தானோடு என் வீட்டுக்காரர் பத்து நிமிடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் ஆயிரம் பேரை எழுந்து நிற்கவைக்கிற மனிதர், கடைசியில் தோற்றுப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் போட்டுவிட்டேன். "இந்தச் சட்டைக்குத் துளை ரொம்பச் சின்னதா வச்சுட்டாங்க," என்றார். துளை மேல் பழி! எனக்கு வாய் நமநமவென்றது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்குச் சண்டை போட்டால் மனிதர் காரில் ஏறமாட்டார். இரண்டு மணி நேரத் தூரத்தில், எங்களை யாருக்கும் தெரியாத ஊரில், நரம்பு டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். அதற்குச் சம்மதிக்க வைக்கவே மூன்று மாதம் கெஞ்சியிருக்கிறேன்.

அவர் சுகமளிக்கும் ஊழியம் செய்கிற பாஸ்டர். நோயாளிகளின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். பதினெட்டு வருஷம் வாடகை மண்டபங்களில் நாற்பது பேருக்கும் ஐம்பது பேருக்கும் ஜெபித்தோம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் வழக்கம்போல் வலது கையைத் தூக்கினார். முதலில் அசையாமல் நின்றது. நாலைந்து நொடி கழித்துக் கட்டைவிரல் மெல்ல ஆடத் தொடங்கி, மணிக்கட்டு வரை நடுக்கம் பரவியது. முன்வரிசையில் இருந்த நான்தான் முதலில் கத்தினேன். "ஆவியானவர் பாஸ்டர் கையில இறங்கிட்டாரு! ஸ்தோத்திரம்!" அவ்வளவுதான், மண்டபமே அழுது புரண்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் புருஷனையே என் வாயால் கெடுத்தேன்.

அதற்கப்புறம் எல்லாமே கைதான். போஸ்டரில் முகத்தைவிடக் கை பெரியது. கையைத் தூக்கியதும் கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருக்கும். ஆட ஆரம்பித்த கணத்தில் ஆட்கள் சரிந்து விழுவார்கள். சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்கள், "மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டேன் பாஸ்டர்" என்பார்கள். இவர் ஒருநாளும் யாரையும் அப்படிப் போடச் சொன்னதில்லை. கைதட்டுவார். நானும் தட்டுவேன். பொய் சொல்வானேன், எனக்கு அந்த நாட்களில் தலைகால் புரியாத பெருமை.

நர்ஸாக இருக்கிற என் தங்கை ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அத்தான் இப்ப ஜெபமா பண்றார்?"

"இல்லடி, நியூஸ் பாக்குறார்."

"அப்ப கை ஏன் ஆடுது?"

மடியில் சும்மா கிடந்த கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் எத்தனையோ நாள் பார்த்ததுதான், ஆனால் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். அவள் விடவில்லை. எழுத்து சின்னதாகிவிட்டதா, கால் தரையில் இழுபடுகிறதா, முகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம். "இது நரம்பு வியாதி மாதிரி இருக்குக்கா, சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டு," என்றாள்.

அவரிடம் சொன்னபோது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, என்னை நம்பி வர்றவங்க எங்கம்மா போவாங்க?" என்றார். "ஊர் எங்கேயும் போகும். நீங்க படுத்துட்டா நான் எங்க போறது?" என்றேன்.

காரை நான்தான் ஓட்டினேன். தொப்பி, முகக்கவசம், ஞாயிற்றுக்கிழமைகூடப் போடாத கறுப்புக் கண்ணாடி என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் செய்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பச்சை நாற்காலிகள். சீட்டில் பதினேழு என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினாறாம் நம்பர் உள்ளே போனபோது எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் வீட்டுக்காரரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்டர்! கையைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு!"

முகத்தை மூடினோம், கையை மறந்துவிட்டோம்.

"இங்கயும் ஊழியத்துக்கு வந்தீங்களா பாஸ்டர்?"

இவர் "ம்" என்றார். எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்த அம்மா தன் கணவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தார். தச்சு வேலை செய்தவராம். தடித்த விரல்கள், காய்த்துப்போன உள்ளங்கை. அந்த வலது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதே ஆட்டம், அதே வேகம். நான் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீங்க இவர் தலையில கை வச்ச அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டோம் பாஸ்டர். அஞ்சு மாசமாச்சு. இப்ப படுக்கையில திரும்பக்கூட முடியல. பிள்ளைங்க திட்டி அனுப்பிவச்சுட்டாங்க. குறை எங்க விசுவாசத்துலதான், எனக்குத் தெரியும். இன்னொரு தரம் கை வைங்க. டாக்டரைப் பாக்காம இப்படியே வீட்டுக்குப் போயிடுறோம்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக மேலே போனது. போனது பாதி வழியில் நின்றுவிட்டது. தலையில் வைத்தால் இவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அந்த மனிதர் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். வைக்காவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். கடவுளே, இவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லட்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். கட்டைவிரல் ஆடத் தொடங்கியது.

தச்சர் கண்ணை மூடவில்லை. பலகையில் வளைவு பார்க்கிறவர் மாதிரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிறாற்போல், தேய்ந்த குரலில் பேசினார்.

"மாத்திரை தருவாங்க ஐயா. மொதல்ல கொஞ்சம் குமட்டும். அப்புறம் பழகிடும்."

உள்ளேயிருந்து பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"நாங்கதான்," என்றேன். கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரரின் கை இன்னும் காற்றில்தான் இருந்தது. தச்சர் தன் கையை எட்டி அதைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அங்கே இரண்டு கைகளும் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன.